கைக்கும் ஒலிக்கும் நடுவே

அன்புச் சின்னக்குட்டிக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்குப் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது, வீட்டில் எங்கெங்கே தூசி இருக்கிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்து எனக்குச் சொல்கிறார். குளியலறைக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் தினமும் நாளைக்கு வருகிறார்.

நீ சீர்செய்து அனுப்பிய பழைய இசைக்குழுப் படத்தின் இரண்டு பிரதிகளையும் டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். கீறலும் புள்ளியும் போய், வாசிப்பவர்களின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிகிறது. அத்தைக்குக் குழுவை நடத்துபவர்மேல்தான் கண். எல்லாரும் வேர்க்க வேர்க்க வாசிக்கிறாங்க, இவர் குச்சிய ஆட்டிட்டு கைதட்டு வாங்கிட்டுப் போறாரே, நம்ம அண்ணன் மாதிரி, என்றாள். அப்பா காதில் விழாததுபோல் இருந்தார்.

நடத்துபவரின் கை இறங்கிய பிறகு ஒலி தாமதமாக வருகிறது, ஒலியை முன்னால் நகர்த்து, இல்லையென்றால் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று உன் மேலதிகாரி சொன்னதாகப் போனில் அழுதாயே, நகர்த்தாதே. வகுப்பில் நான் எழுதுங்கள் என்றதும் அத்தனை பேனாவும் அந்த நொடியே தாளைத் தொட்டனவா? கை முன்னே போகும், குழு மூச்சை இழுத்துக்கொண்டு பின்னால் வரும். உன் மேலதிகாரி சொன்னபடி நீ நகர்த்திப் பார்த்த பிரதியில் கை என்னவோ ஒலியோடு பொருந்துகிறது, ஆனால் வயலின்காரர்களைப் பார்த்த அத்தை, வில்லு இன்னும் கம்பியையே தொடல, அதுக்குள்ள சத்தம் வந்துடுச்சே, பேயா வாசிக்குது, என்று கேட்டாள். நகர்த்தாத பிரதியில் வில் தொட்டதும் ஒலி வருகிறது. அவரிடம் வாதம் செய்யாதே. திரையில் நடத்துபவரை மட்டும் ஓர் அட்டையால் மறைத்துவிட்டு இரண்டையும் போட்டுக் காட்டு. வரைபடத்தில் ஊர்ப்பெயர்களை மறைத்த பிறகுதான் பிள்ளைகள் ஆற்றைக் கவனிப்பார்கள், அவரும் கவனிப்பார். அப்படியும் ஒப்பவில்லை என்றால், நகர்த்திய பிரதியில் என் பெயர் வேண்டாம் என்று நிதானமாகச் சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும், உன் அறையில் அப்பா அடுக்கியிருக்கும் பெட்டிகளை அகற்ற ஒரு மதியம் போதும். அந்தக் குழுவில் யாரும் எழுந்து வந்து, நாங்கள் அப்படி வாசிக்கவில்லை என்று சொல்லப் போவதில்லை. அவர்களுக்காகச் சொல்ல நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

எடுத்த காரியம் கைகூடி, நீடூழி வாழ்வாய். காட்டிய அன்றே, எந்நேரமானாலும் போன் செய். அப்பா தூங்குவதுபோல் படுத்திருப்பார், தூங்க மாட்டார்.

உன்னை நம்பும்,
அம்மா