இரண்டாவது கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸை எல்லோரும் 'சின்னது' என்று கூப்பிடுகிறார்கள். காலையில் டாக்டர் எழுதிய தாளோடு, தலைமை நர்ஸ் என்று என் மேசை முன் வந்து நின்றாள்.

"மேடம், எச்.எஸ்.னா என்ன மேடம்?"

படுக்கப் போகும்போது கொடு என்று அர்த்தம். அதைச் சொல்லியிருந்தால் முடிந்தது. "மூணு வருஷம் காலேஜுக்கு பஸ்ஸுல வேடிக்கை பாக்கத்தான் போனியா?" என்றேன். பக்கத்தில் நின்ற டாக்டர்கூட சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

மருந்துக் குறிப்புச் சுருக்கங்களுக்கெல்லாம் விளக்கம் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லி மறுபடியும் சுற்றறிக்கை. சுவரில் ஒட்டினால் மண்டையில் ஏறிவிடுமா? இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

ஒன்பதாம் படுக்கைக்கு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வந்திருக்கிறார். இடுப்பெலும்பு அறுவை முடிந்தது. ஊசியோடு போனால், "ஹாரன் அடிச்சிட்டு வாம்மா" என்கிறார்.

மார்ச் 8, சனி

நிதானமாக எழுத முயல்கிறேன்.

மதியம் டிரைவரை எழுப்ப முடியவில்லை. நிமிடத்துக்கு ஏழே மூச்சு. உதடு நீலம். முறிவு மருந்து கொடுத்து அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம்.

வலிக்கு மார்ஃபின். 'ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, எஸ்.ஓ.எஸ்.' என்று டாக்டர் எழுதியிருந்தார். தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள். சின்னதின் கல்லூரியில் இதற்குப் பி.ஆர்.என். என்றுதான் சொல்லிக்கொடுத்தார்களாம். புரியாத மூன்று எழுத்தை விட்டுவிட்டு, மருந்து அட்டையில் நேரத்தை மட்டும் எழுதியிருக்கிறாள்: ஆறு, பன்னிரண்டு, ஆறு, பன்னிரண்டு. அடுத்தடுத்து வந்தவர்கள் அட்டையைப் பார்த்து, வலி இருக்கிறதா என்று கேட்காமலே போட்டிருக்கிறார்கள்.

அட்டையின் கீழே இரண்டு கையெழுத்து இருக்கும். எழுதியவர் ஒன்று. டாக்டரின் தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தவர் இன்னொன்று.

இரண்டாவது என்னுடையது.

சாயங்காலம் டீ வரும்போது அட்டைகளை அடுக்கி வைப்பார்கள். ஒரு கையில் கோப்பை, மறு கையில் பேனா. தாளைத் திறந்தே பார்ப்பதில்லை. எத்தனை வருடமாக?

மார்ச் 9, ஞாயிறு

அவர் கண் திறக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

விசாரணை. கண்காணிப்பாளர் என் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது சும்மா வழக்கத்துக்குப் போடுறதுதானே. அத விடுங்க. அவ உங்ககிட்ட சந்தேகம் கேட்டாளா?"

'கேட்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை. அதுதான் அசிங்கம்.

வெளியே நடையில் அவளைப் பிடித்தேன். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேட்டா சிரிப்பீங்க மேடம்."

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

மார்ச் 12, புதன்

அவளைத் தற்காலிக நீக்கம் செய்துவிட்டார்கள். வீட்டுக்காரரிடம் பாதிக் கதையைத்தான் சொன்னேன். அதற்கே, "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அந்த டாக்டர் ஒழுங்கா எழுதித் தொலச்சா என்ன?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். டாக்டரை நினைத்து அவர் திட்ட, நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

டிரைவர் கண் திறந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்ட மகளிடம், "யாரும்மா நீ?" என்றார். மூளைக்குக் காற்று போதாமல் கிடந்திருக்கிறது. போகப் போகச் சரியாகலாம் என்கிறார்கள். ஆகலாம்.

மார்ச் 15, சனி

கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதினேன். கிழித்தேன். இத்தனை வருட வேலையை ஒரு தாளில் வைத்து நீட்ட வேண்டுமா? அவளுக்கு வயசு இருக்கு, எங்கேயாவது பிழைச்சுக்குவா — சீ, இப்படி நினைக்கிறேனே, நான் என்ன மனுஷி?

மார்ச் 18, செவ்வாய்

கொடுத்துவிட்டேன். சரிபார்க்காமல் கையெழுத்திட்டதும், கேட்க வந்தவளை எல்லோர் முன்னும் கேலி செய்ததும், சுற்றறிக்கையை இழுப்பறையில் போட்டதும். கண்காணிப்பாளர் இரண்டு முறை படித்தார்.

"இத அன்னிக்கே குடுத்திருக்கக் கூடாதா? நேத்துதான் அந்தப் பொண்ணு ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போனா."

எட்டு நாள். என் பயம் எடுத்துக்கொண்ட அவகாசம்.

ஜூன் 21, சனி

ஆவணப் பிரிவுக்கு என்னை மாற்றி இரண்டு மாதமாகிறது. தூசியும் கோப்புகளும்தான். இன்று வேறொரு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி. சின்னது அங்கே தற்காலிகமாகச் சேர்ந்திருக்கிறாளாம், நிரந்தரமாக்கும் முன் விசாரிக்கிறார்கள். பேசிய தலைமை நர்ஸுக்கு என் வயதுதான் இருக்கும்.

"வேலை சுத்தம்தான் மேடம். ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் டாக்டருக்கே போன் பண்ணி, இதுக்கு என்ன அர்த்தம்னு கேக்குறா. அவங்க எரிஞ்சு விழுறாங்க. அங்கயும் இப்படித்தான் நச்சரிச்சாளா?"

"இல்ல. ஒரு தடவதான் கேட்டா. அப்புறம் நான் கேக்க விடல."

நடந்தது முழுவதையும் சொன்னேன். அட்டையில் இருந்தது என் கையெழுத்து என்றும் சொன்னேன். "அவள நிரந்தரமாக்குங்க" என்றேன். பார்க்கிறேன் என்றார்.

அவளுடைய போன் எண்ணை வாங்கியிருக்கலாம். வாய்வரை வந்தது. கேட்கவில்லை.