மூன்றாவது பாட்டில் நின்ற பெட்டி

என் பேச்சு எதையும் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத அன்பு அத்தானுக்கு,

உங்கள் சிடி பிளேயரைத் திறந்துவிட்டேன். நீங்கள் இருக்கிற வரைக்கும் அதில் என் ஸ்குரூ டிரைவர் படக்கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். இருந்தவரைக்கும் படவில்லை. அந்த மட்டில் உங்கள் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறேன். ஆனால் திறந்தது சரியா என்பது எனக்குப் புரியவில்லை. யாரிடம் கேட்கலாம் என்று யோசித்தேன். பதில் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். அதனால் எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். ஆகவே நமக்குள் தெரிந்த விஷயத்தையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள்.

நாம் இருவரும் ஒரே நாளில், மதுரையில் ஒரே கடையில், ஆளுக்கு ஒரு சிடி பிளேயர் வாங்கினோம். அந்தக் கடையில் இருந்ததிலேயே மலிவானவை அவை இரண்டும்தான். கடைக்காரர் ஒரே நாதஸ்வர சிடியை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள், அந்தச் சிடியையும் சேர்த்து வாங்கிக்கொண்டீர்கள். நான் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தேன், தூக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். உங்களுடையது சத்தத்தில் சுத்தம், ஆனால் உள்ளே இருக்கிற பாகமெல்லாம் கொஞ்சம் செல்லப்பிள்ளை என்று கடைக்காரரே சொன்னார். என்னுடையது எதையும் தாங்கும் என்றார். சொல்லியும் நீங்கள் கேட்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை அது.

நான் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. ஓடாத ரேடியோக்களை வாங்கிப் பிரித்துப் போட்டு, பாதியைக் கெடுத்து, மீதியில் கற்றுக்கொண்டேன். ஒரு மெஷின் என்றால் அது ஓடவேண்டும். அழகாக ஓடுவது அதற்குப் பிறகுதான். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். என் பெட்டி இத்தனை வருடத்தில் ஒரு தடவை நின்றதில்லை. கீறல் விழுந்த சிடி, கல்யாண வீட்டில் சாம்பார் பட்ட சிடி, எதைப் போட்டாலும் பாடும். அதைப் பற்றி ஒருவராவது நல்ல வார்த்தை சொன்னதுண்டா? உங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் உங்கள் பெட்டிக்குத்தான் மரியாதை.

"மாப்ளே, ஒம் பெட்டி நிக்காமப் பாடும். ஆனா என்ன பாடுதோம்னு அதுக்குத் தெரியுமா?" என்பீர்கள்.

"உங்க பெட்டிக்குத் தெரியும் அத்தான். பாதியில மறந்துரும்" என்பேன். அக்கா உள்ளே இருந்து சிரிப்பாள். யார் பக்கம் சிரிக்கிறாள் என்று கடைசிவரை தெரியாது.

உண்மையைச் சொன்னால் உங்கள் பெட்டி அதிகம் நின்றதில்லை. எப்போதாவது திணறும், அவ்வளவுதான். ஒழுங்காக நிற்க ஆரம்பித்தது உங்கள் கடைசி சில மாதங்களில். அதுவும் கண்ட இடத்தில் அல்ல. அந்த நாதஸ்வர சிடியில் மூன்றாவது பாட்டு, தவில் சேர்ந்து சூடு பிடிக்கிற இடம். அங்கே வந்ததும் ஒரே சுரத்தைக் கொத்திக்கொண்டு நிற்கும், பிறகு அடங்கிவிடும். பழுது பார்த்துத் தருகிறேன் என்று எத்தனை தடவை கேட்டேன். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, "சரி, போதும். எந்திரி, சாப்பிடலாம்" என்று அக்காவிடம் சொல்வீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வா மாப்ளே, அது கெடக்கட்டும்" என்பீர்கள்.

நானும் சாப்பிட வந்திருக்கிறேன். பெட்டி நின்றுபோன எரிச்சலில் ருசி தெரியாது.

மாசியில் நீங்கள் போனபிறகு அக்கா அந்தப் பழக்கத்தை விடவில்லை. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அதே சிடியைப் போட்டு, உங்கள் நாற்காலிக்கு எதிரில் உட்காருவாள். மூன்றாவது பாட்டில் நிற்கும். அவள் எழுந்துபோய்ச் சாப்பிடுவாள். ஒருநாள் நான் இருக்கும்போதே நின்றது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், இதை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"அது நிக்கலைலே. அவிய நிறுத்துதாவ. போய்ச் சாப்பிடுன்னு சொல்லுதாவ" என்று உங்கள் நாற்காலியைக் காட்டினாள்.

அழுதுகொண்டு சொல்லவில்லை அத்தான். இட்லிக்கு மாவு இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. உங்கள் மகள் கலா கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி வந்தாள். போனிலேயே எல்லாப் பாட்டும் வரும், இது எதற்கு மாமா என்றாள். அக்கா அதை அலமாரியில் வைத்துத் துணி போட்டு மூடிவிட்டாள். நான் இராஜபாளையத்திலிருந்து என் பெட்டியை மடியில் வைத்து, காலேஜ் பிள்ளைகள் நசுக்குகிற பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய் அக்கா முன்னால் வைத்தேன். மூன்றாவது பாட்டு, நாலாவது பாட்டு, எல்லாம் நிற்காமல் பாடியது. அக்கா மரியாதைக்குக் கேட்டாள்.

"நல்லாத்தான் பாடுதுலே. பக்கத்து வீட்டுல பாடுற மாதிரி இருக்கு" என்றாள்.

பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்கும் யாரும் வருத்தப்படவில்லை.

போன வாரம் அக்கா சுந்தரபாண்டியத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போனாள். சாவியை என்னிடம் கொடுத்திருந்தாள். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். பெட்டியை உங்கள் மேஜையிலேயே வைத்துக் கழற்றினேன். உள்ளே இருக்கிற சர்க்யூட் அட்டையில் ஏதாவது போயிருக்கும், ஆயுசு முடிந்திருக்கும், நான் சொன்னது சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒன்றும் போகவில்லை. சிடியைப் படிக்கிற அந்தக் கண் இருக்கிறதே, அது ஒரு கம்பியில் உள்ளிருந்து வெளியே நகர்ந்துகொண்டே போகும். அந்தக் கம்பியில், முக்கால் தூரத்தில், என்னவோ கல்லாக இறுகி ஒட்டியிருந்தது. கண் அதுவரை வரும், இடிக்கும், நின்றுவிடும். சுரண்டினேன். மூக்கில் வாசனை ஏறியது. சந்தனம்.

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. மூடியைத் திறந்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அதிகமாகக் கரைத்த சந்தனம், பள்ளத்துக்குள் வழிந்து கம்பியில் உறைந்திருக்கிறது. லேத்துக்குப் பொட்டு வைப்பார்கள், தறிக்கு வைப்பார்கள், சைக்கிளுக்கு வைப்பார்கள். எங்கள் மில்லில் மோட்டாருக்கு மாலையே போடுவோம். ஆனால் சிடி பிளேயரின் கண்ணுக்குப் பக்கத்தில் பொட்டு வைத்த வீட்டை நான் பார்த்ததில்லை. அக்கா வேலை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஸ்பிரிட் வைத்துச் சுத்தமாகத் துடைத்தேன். சிடியைப் போட்டேன். மூன்றாவது பாட்டு ஓடியது, நாலாவது ஓடியது, கடைசிவரை ஓடியது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். அக்காவிடம் சொல்லவில்லை. காலையில் தானே கேட்டு ஆச்சரியப்படட்டும் என்று வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு பக்கத்து வீட்டு மேரியிடமிருந்து போன்.

"அண்ணாச்சி, அக்கா காலையிலருந்து ஒக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கல. சாப்பிடவும் இல்ல. கூப்பிட்டா, 'செத்த நேரம் பொறு, இன்னும் நிக்கல'ங்காவ."

உடனே பஸ் ஏறினேன். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். போய்ப் பார்த்தால் நெற்றியெல்லாம் வியர்வை, விரல் நடுங்குகிறது. பெட்டி பாடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் அவளே எழுந்து மறுபடி முதலிலிருந்து போட்டிருக்கிறாள், அடுத்த தடவையாவது நிற்கும் என்று. மேரி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்விட்சை அணைத்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "எம் மேல அவியளுக்கு என்னலே கோவம்? சாப்பிடவே சொல்ல மாட்டேங்காவ."

சொல்லிவிட்டேன் அத்தான். பழுது பார்த்ததை, உள்ளே இருந்ததை, எல்லாவற்றையும். நீ பொட்டு வைத்து நீயே கெடுத்திருக்கிறாய் என்று கொஞ்சம் சத்தம் போட்டேன். பயம் போனபிறகு வருகிற கோபம் அது. அவள் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் எங்கலே வச்சேன்? அந்தப் பெட்டிக்கு அவியதான் வைப்பாவ. என்னை மூடியைத் தொடவே விடமாட்டாவ" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், "அப்ப அவிய வச்சதையா நீ சொரண்டிட்ட?" என்றாள்.

நான் சுரண்டியது சரியா, தப்பா? நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் போனதால் இந்த வருடம் வீட்டில் பண்டிகை கிடையாது. அப்படியானால் அது போன ஆயுத பூஜைக்கு நீங்கள் வைத்த கடைசிப் பொட்டு. அதற்குப் பிறகுதான் ஒழுங்காக நிற்க ஆரம்பித்தது. கணக்கு சரியாக வருகிறது. மெஷினில் ஆவி கீவி ஒன்றும் இல்லை, சந்தனம்தான் என்று நான் நிரூபித்துவிட்டேன். ஆனால் அந்தச் சந்தனத்தை வைத்த விரல் உங்களுடையது. அப்படியென்றால் பெட்டியை நிறுத்தியது நீங்கள்தான். அக்கா சொன்னது பொய்யில்லை. நான் சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? மூன்று நாளாக இதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். தெரிந்துதான் வைத்தீர்களா? அக்காவைப் பாட்டை விட்டுச் சாப்பிட எழுப்புவது எம்புட்டுக் கஷ்டம் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். பழுது பார்க்கிறேன் என்றால் ஏன் அப்படித் தடுத்தீர்கள்? இல்லை, கை நடுங்கி வழிந்துவிட்டதா, அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமா? அல்லது ஒன்றும் தெரியாமல், நின்றதைச் சாக்காக வைத்துக்கொண்டீர்களா? உங்களிடம் நேரில் கேட்டிருந்தாலும் ஒரு சிரிப்போடு நிறுத்தியிருப்பீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

முந்தாநாள் சந்தனம் கரைத்தேன். மூடியைத் திறந்து, விரலில் தொட்டு, அந்தப் பள்ளத்துக்கு மேலே கொண்டுபோனேன். எந்த இடத்தில் வைத்தால் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். வைக்க முடியவில்லை. ஓடுகிற மெஷினை நிறுத்த என் கைக்குப் பழக்கமில்லை. அதைவிட, நான் வைத்தால் அது நான் வைத்ததுதான். அக்காவை ஏமாற்ற என்னால் ஆகாது. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நேற்றுக் காலை அக்காவுக்கு எதிரில் நானே உட்கார்ந்தேன். உங்கள் நாற்காலியில் இல்லை, பயப்படாதீர்கள், ஸ்டூலில். மூன்றாவது பாட்டு வந்தது. தவில்காரர் விரலில் மாட்டியிருக்கிற கூடு தோலில் படுகிற சத்தம் தனியாகக் கேட்டது. நாதஸ்வரக்காரர் மூச்சு இழுக்கிறது கேட்டது. என் பெட்டியில் இதெல்லாம் ஏன் கேட்கவில்லை என்பதை இன்னொரு நாள் யோசிக்கிறேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"நீ நிறுத்துறது அவிய நிறுத்துற மாதிரி இல்லலே" என்றாள்.

"தெரியும். சாப்பிடு."

முறைத்தாள். பிறகு எழுந்துபோய்ச் சாப்பிட்டாள். எனக்கும் தட்டு வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "மிச்சத்தைப் போடு" என்றாள். போட்டேன். மூன்றாவது பாட்டின் பின்பாதியில் தவில் அடங்கி, நாதஸ்வரம் மட்டும் தனியாக வெகுநேரம் போகிறது. போன ஆயுத பூஜையிலிருந்து நீங்கள் இருவரும் கேட்காத பகுதி.

"இம்புட்டு இருந்திருக்கா இதுக்குப் பொறவு" என்றாள் அக்கா.

நல்ல சத்தம்தான். ஆனால் அதற்காக நான் உங்கள் கட்சிக்கு வந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். பாடாத பெட்டியின் நல்ல சத்தத்தை யாரும் கேட்க முடியாது. இதில் நான் மாறமாட்டேன். இப்போது அது ஓடுகிறது என்றால் அது என் வேலை.

நான்கு வேட்டி சட்டையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்துவிட்டேன். மகன் வீட்டில் என்னைத் தேட ஆளில்லை என்று சொன்னால் குறை சொல்கிறேன் என்பார்கள். குறைதான். இனிமேல் இங்கேதான் இருப்பேன். தினமும் அந்த இடத்தில் பாட்டை நிறுத்துவேன். நான்தான் நிறுத்துகிறேன் என்று சொல்லியே நிறுத்துவேன். அக்கா சாப்பிட்ட பிறகு மிச்சத்தைப் போடுவேன். ஒருநாளும் தவறாது. இதற்கு நான் பொறுப்பு.

உங்கள் வீட்டில், உங்கள் அனுமதி இல்லாமல் குடியேறியிருக்கும்
உங்கள் மச்சினன்,
குருசாமி