மொட்டை மாடிக்கு எந்த ஷீட்?

என் மனைவிக்கு அண்ணனும் எனக்கு ஒத்த வயதுக்காரனுமான மச்சானுக்கு, உன் தங்கையின் புருஷன் சொல்லச் சொல்ல எழுதிய கடிதம். நீயும் உன் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். மாடிப்படி ஏறும்போது முழங்கால் மட்டும் ஏதோ முணுமுணுக்கிறது. நான் காது கொடுப்பதில்லை.

எழுதுவது, முதல் மாடியில் பல் வைத்தியரிடம் டோக்கன் கொடுக்கும் அம்மாள். சாப்பாட்டு வேளையில் மொட்டை மாடிக்கு வந்து, என் வாட்ச்மேன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். "நீங்கன்னு போடவா, நீன்னு போடவா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருஷம் பேசாத ஆளை எப்படிக் கூப்பிடுவது? பேசிய காலத்தில் நீதான். அப்படியே போடச் சொன்னேன். கோபம் வந்தால் என்னோடு வைத்துக்கொள்.

நம் கட்டடத்துக்குப் புதுக் கூரை வருகிறது. பழைய முதலாளி போய்விட்டார், இப்போது எல்லாம் மகள்தான். தாரும் சல்லியும் அடுக்கடுக்காகப் போடும் வேலை வேண்டாம், மாடி முழுக்க ஒரே தோல் மாதிரி விரிக்கும் ஷீட் போதும் என்கிறாள். காண்டிராக்டர் ஒரு கோரைப்பாய் அளவுக்கு மூன்று துண்டு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். ஒன்று கறுப்பு ரப்பர். மற்ற இரண்டும் வெள்ளை, இரட்டைப் பிள்ளை மாதிரி ஒன்று போலவே இருக்கும். ஒன்றுக்கு டி.பி.ஓ. என்று பேராம், இன்னொன்றுக்கு பி.வி.சி.யாம். எனக்கு எழுத்து தெரியாது, பாதம் தெரியும். உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றின் மேலும் நின்றேன். கறுப்பு, அடுப்பு. வெள்ளை இரண்டும், மழை விட்ட பிறகு தரை இருக்குமே, அப்படி.

கீழே சாப்பாட்டுக் கடையின் புகைக்குழாய் நம் மாடியில்தான் வாய் திறக்கிறது, ஞாபகம் இருக்குமே. நாள் முழுக்க எண்ணெய்ப் புகை. மூன்று துண்டையும் அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு ஆறு வாரம் பார்த்தேன். கறுப்பு, தேள் கொட்டிய உதடு மாதிரி வீங்கியது. டி.பி.ஓ. மஞ்சளாகிப் பிசுபிசுத்தது. பி.வி.சி.யைத் துணியால் துடைத்தேன், பழையபடி வெள்ளையாகவே சிரித்தது. அதனால் என் மனசு அதன் பக்கம். ஆனால் அதை எப்படிப் பிடித்து வைப்பது என்று மூன்று வழி சொல்கிறார்கள். பசை போட்டு ஒட்டலாம். மேலே கூழாங்கல் கொட்டி அமுக்கலாம். இல்லையென்றால் ஆயிரம் திருகாணி போட்டு இறுக்கலாம். திருகாணி என்றால் துளை. அந்த வார்த்தையே எனக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

மழை நின்ற பிறகு வடக்கு மூலையில் மூன்று நாள் தண்ணீர் கட்டி நிற்கும். வெயில் தாழும்போது அதன் ஓரத்தில் படுத்துக்கொள்வேன். தண்ணீருக்குள் மேகம் போகும், பறவை போகும், ஒரு விமானம் சத்தமே இல்லாமல் போகும். கொஞ்ச நேரத்தில் போவது மேகமா கட்டடமா என்று தெரியாது. பல் வைத்தியர், துணிக்கிடங்கு, சாப்பாட்டுக் கடை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கட்டடம் மெதுவாக நகரும். போன மாதம் அப்படிக் கண் சொருகிய நேரத்தில் ஒரு கனவு. மாடி முழுக்க வெள்ளை ஷீட் விரித்தாகிவிட்டது. வானம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. உன் தங்கை ஈரத் துணியோடு வருகிறாள். கொடி கட்ட இடம் இல்லை. துணியின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கிறாள். காற்று வருகிறது. காய்கிற வரைக்கும் இரண்டு பேரும் கம்பம் மாதிரி நிற்கிறோம்.  உயிரோடு இருந்த வரைக்கும் அவள் அந்தத் துளையைப் பற்றிப் பேசியதில்லை.

மச்சான், இந்த மாடிக்கு நீ தார் ஷீட் விரித்து முடித்த நான்காம் மாதம் நான் வடக்கு மூலையில் ஓர் இரும்புக் கம்பி அடித்தேன். அவள் கொடி கட்டக் கேட்டாள். ஷீட்டில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று நீ என்னிடம் மூன்று தடவை சொல்லியிருந்தாய். ஒரு கம்பிதானே என்று நினைத்தேன். முதல் மழையிலேயே கீழே துணிக்கிடங்கில் தண்ணீர் கொட்டியது. நுழைந்தது என் துளையில். உள்ளேயே ஊர்ந்துபோய் வெளியே வந்தது பதினைந்து அடி தள்ளி, இரண்டு ஷீட் சேரும் இடத்தில், சரியாக நீ போட்ட ஒட்டுக்குக் கீழே. நீ வந்து பார்ப்பதற்குள் கம்பியைப் பிடுங்கித் துளையில் தார் அப்பிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

பழைய முதலாளியின் மேனேஜர் எல்லார் முன்னாலும், "உன் ஒட்டு பிரிஞ்சு போச்சுய்யா, இதுக்கா காசு வாங்கினே?" என்று கத்தினார். நீ முட்டி போட்டு, ஒட்டு நெடுக விரலால் தடவிக்கொண்டே போனாய். எழுந்து, "என் ஒட்டு பிரியலை" என்று அவரிடம் சொன்னாய். ஆனால் பார்த்தது என்னை. உன் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை, வலது முட்டியில் தார். எல்லாம் கண்ணுக்குள் நிற்கிறது. வாயைத் திறந்தால் வேலை போகும், வேலையோடு இந்த அறையும் போகும் என்று நின்றேன். உனக்குத்தான் எல்லாம் போனது. இந்த ஊரில் அதற்குப் பிறகு யாரும் உன்னைக் கூரைக்குக் கூப்பிடவில்லை. நீ பிழைப்புக்காக ஊரை விட்டு அவ்வளவு தூரம் போனாய். வருஷா வருஷம் ஒழுகும், வருஷா வருஷம் உன் ஒட்டின் மேல் தார் பூசச் சொல்வார்கள். பூசியது நான்.

உன் தங்கை அன்றைக்குப் பிறகு மாடியில் துணி காயப்போடவில்லை. என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அறைக்குள்ளேயே குறுக்கே கயிறு கட்டினாள். பதினெட்டு வருஷம் ஈரத் துணிக்குக் கீழே படுத்தோம். அவள் கண்ணை மூடியபோது நீ வந்தாய், அந்தக் கயிற்றைப் பார்த்தாய், என்னைப் பார்க்காமல் போனாய்.

இந்த வாரம் காண்டிராக்டர் மாடி நடுவில் இரண்டு இடத்தில் வெட்டிப் பார்த்தார். "உள்ள காஞ்சிருக்கு. பழைய கூரைக்கு மேலேயே விரிச்சுடலாம்" என்றார். நடுவில் காய்ந்துதான் இருக்கும். வடக்கு மூலையில் குதிகால் வைத்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. அந்த ஈரத்தை மூடி வைத்தால் இரண்டு வருஷத்தில் புது ஷீட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அப்போது இன்னொருத்தனை நிற்க வைத்து, உன் ஒட்டு சரியில்லை என்பார்கள். அதை இரண்டாம் தடவை பார்க்க என்னால் முடியாது. தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் என்ன முழம் என்ன என்று, முதலாளி மகளிடம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். கம்பி, தார், உன் பேர், எல்லாம்.

நான் காட்டிய இடத்தில் வெட்டினார்கள். அடியில் இருந்த அடுக்கைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. பழையதை முழுக்க உரித்து எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று காண்டிராக்டரே சொல்லிவிட்டார். முதலாளி மகள் குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். என் அறையைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "அவரையே கேளுங்க, எந்த ஷீட் நல்லதுன்னு. பத்து நாள் பொறுக்கிறேன்" என்றாள். இதை எழுதச் சொன்னதும் அவள்தான். ஆனால் அவள் சொன்னதற்காக மட்டும் எழுதவில்லை.

நேற்று வடக்குப் பக்கம் உரித்தார்கள். உன் ஒட்டு வந்தபோது கத்தியை உள்ளே விட்டு இரண்டு ஆட்கள் இழுத்தார்கள். ஷீட்தான் கிழிந்தது. "இதை எவன்யா போட்டான்?" என்று ஒருத்தன் கேட்டான். என் மச்சான் என்று சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னேன்.

அந்த ஒட்டில் ஒரு சாண் வெட்டி வாங்கி, மேலே நான் பூசிய தாரையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தோடு பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். உன் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் இழுத்துப் பார்.

பதிலில் என்னைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். எந்த ஷீட், பசையா கல்லா திருகாணியா, அது மட்டும் எழுது. டோக்கன் அம்மாள் எனக்குப் படித்துக் காட்டுவாள். இப்போது மூக்கை உறிஞ்சுகிறாள், ஜலதோஷம் என்கிறாள். வர முடிந்தால், ஷீட் விரிக்கிற அன்றைக்கு வா. ஒட்டு நெடுக ஒரு தடவை உன் விரல் போனால் போதும்.

உன் கை பட்ட கூரை எதுவும் ஒழுகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கையின் புருஷன்

(பெருவிரல் ரேகை என்னுடையது. கறுப்பாக இருப்பது மை இல்லை, தார். கழுவியும் போகவில்லை.)