முள்ளெலிக்குப் போட்ட கம்பளி

செக்கானூரணி,
தாது வருஷம், மார்கழி மாதம்.

கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் மாமா அவர்களுக்கு உங்கள் சம்சாரம் முத்துத்தாய் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடுகளும் சுகம். உங்கள் சுகத்துக்குப் பதில் போடவும்.

வழக்கம்போல் கண்ணுச்சாமி வாத்தியாரிடம் சொல்லி எழுதவில்லை. அவர் எழுதினால் கடிதம் கண்டிக்கு வருமுன் ஊரைச் சுற்றிவிடும். நானே எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விட்டுப்போன முள்ளெலி இரண்டும் உயிரோடு இருக்கின்றன. இதை முதலில் சொல்லாவிட்டால் மற்றதை வாசிக்க மாட்டீர்கள். நீங்கள் எழுதியபடியே பலகைப்பெட்டியில் உமி பரப்பி, வைக்கோல் போட்டு, உங்கள் அய்யாவின் கம்பளியால் மூடி, அடுப்படிச் சுவரோரம் வைத்திருக்கிறேன். தினம் கரையான் தோண்டிக் கொண்டுவந்து போடுகிறேன். இந்த வருஷம் பனி பொல்லாத பனி. விடிந்தால் எதிர்வீடு தெரியவில்லை.

இனிமேல்தான் விஷயம். கொஞ்ச நாளாகக் கம்பளி நான் போட்டது போட்டபடி இல்லை. காலையில் பார்த்தால் வேறு மாதிரி மடிந்து கிடக்கிறது. தொட்டால் ஈரம். பூனை கம்பளியை மடித்து வைக்காது. எனக்கு உடனே உங்கள் தங்கை மேல்தான் சந்தேகம். ஒச்சாயி புருஷனோடு உறவை அத்துக்கொண்டு வந்ததிலிருந்து நம் மாட்டுக்கொட்டிலில்தான் கிடக்கிறாள். பேச்சு வைத்துக்கொள்ளாதே என்று நீங்கள் சொன்னதால் நானும் வைத்துக்கொள்ளவில்லை.

அவள் மகன் வீரணனுக்குக் கக்குவான். இருமினால் மூச்சு வாங்க முடியாமல் முகம் நீலம் பாரித்துவிடுகிறது. முள்ளெலியின் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தால் நிற்கும் என்று ஊரே சொல்கிறது. அவளும் ஆள் விட்டுக் கேட்டாள். ஒரு முள் கூடக் கொடுக்கக் கூடாது என்பது உங்கள் உத்தரவு, மறுத்துவிட்டேன். ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பளியை உருவிவிட்டால் குளிரில் சாகும், செத்ததைக் குப்பையில் போடுவோம், அவள் பொறுக்கிக்கொள்வாள். இவள் எம்புட்டுக் கெட்டிக்காரி என்று வயிறு எரிந்தது.

நேற்று கோழி கூவும்போது எழுந்து பார்த்தால் பெட்டி மேல் கம்பளியே இல்லை. பெட்டை முள்ளெலி கல்லாகக் குளிர்ந்து சுருண்டு கிடந்தது. செத்தே போயிற்று என்று நினைத்தேன். அதை முந்தானையில் போட்டுக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினேன். கொலைகாரி என்று கத்தினேன். தெருவே கூடிவிட்டது.

பிள்ளை அந்தக் கம்பளிக்குள் கிடந்தான் மாமா. அவள் வெறும் சாக்கைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். முள்ளுக்காக ஒரு உசுரைக் கொல்ல மாட்டேன் மதினி, புள்ளைக்குக் குளிருது, விடியக்குள்ள கொண்டாந்து வச்சுருவேன், இன்னைக்குக் கண்ணசந்துட்டேன், அம்புட்டுத்தான் என்றாள். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். முள்ளுக்கே இல்லேன்னவுக கம்பளியா குடுப்பீக என்றாள். வேடிக்கை பார்த்தவர்களைத்தான் விரட்டினேன்.

முள்ளெலியை அடுப்படியில் வைத்து மெல்லச் சூடு காட்டியதும் மூக்கை நீட்டியது. இப்போது இரண்டும் என் பழைய சேலைக்குள் தூங்குகின்றன. பக்கத்தில் சுடுமணல் சட்டி வைத்திருக்கிறேன். கம்பளி வீரணனிடமே இருக்கிறது. கோபித்துக்கொண்டாலும் திரும்ப வாங்க மாட்டேன். பிள்ளைக்கு இன்னும் இருமல் விடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

என் புத்தி யாரையும் நம்பாத புத்தி, உங்களுக்கே தெரியும். நேற்றிலிருந்து உங்கள் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. முள்ளெலிக்குக் குளிருமே என்று மூன்று கடிதம் எழுதினவர், கூடப் பிறந்தவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே என்று நினைக்கிறேன். அந்தச் சந்தேகம் பொய்யென்று ஆக்குங்கள். அடுத்த கடிதத்தில் வீரணன் எப்படி இருக்கிறான் என்று ஒரே ஒரு வரி கேளுங்கள். கொட்டிலுக்குக் கேட்கும்படி உரக்க வாசிக்கிறேன்.

நம் கருப்பசாமி உங்களையும் அந்தப் பிள்ளையையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
முத்துத்தாய்