லண்டன் சட்டம் நிறைவேறும்வரை

2019 ஒக்டோபர் 19, சனி

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுகிற சட்டத்துக்காக லண்டன் பாராளுமன்றம் சனிக்கிழமையும் கூடியிருக்கிறது. இங்கே இத்தாலியில், ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை உணவகக் குசினிக்குள் இறால் உரித்தபடியே என் மனுசன் சுரேஸ் அதைப் போனில் பார்த்திருக்கிறார். நாலு மணிக்கு எனக்கு அழைப்பு. “யூலியானா, இண்டைக்கும் முடிவில்லை! ஒத்திவைச்சிட்டாங்கள்!” வீட்டில் பிள்ளை பிறந்தது போல் சந்தோசம்.

அவருடைய கணக்கு இதுதான்: அந்தச் சட்டம் நிறைவேறினால், இத்தாலியக் கடவுச்சீட்டோடு லண்டனில் போய்க் குடியேறுகிற கதவு பூட்டிவிடும். அதற்கு முன் எங்களுக்குக் குடியுரிமை வர வேண்டும். விண்ணப்பம் என் பெயரில். நிரந்தர வேலை ஒப்பந்தம் எனக்குத்தான் இருந்தது. லண்டன் ஹரோவில் அவருடைய அக்கா சறோஜா மேல்மாடி அறையை எங்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, நாலு வருடமாக அந்த அறையைப் பற்றியே கதைக்கிறா.

எனக்குப் போக விருப்பமில்லை. நாற்பத்தாறு வயதில் திரும்பவும் ‘ஏ, பி, சி’யிலிருந்து தொடங்கி, மச்சாளின் குசினியில் மச்சாளைக் கேட்டு அடுப்பு மூட்ட என்னால் முடியாது. எழுதிவிட்டேன். வாயால் இன்னும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 24, வியாழன்

வந்துவிட்டது. பதிவுத் தபாலில் குடியுரிமைக் கடிதம். ஆறு மாதத்துக்குள் நகரசபைக்குப் போய்ச் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டுமாம். செய்தால் நான் இத்தாலியக்காரி.

மகள் மொனிகாவுக்குச் சொன்னால் துள்ளுவாள். துறைமுகத்துக் கரையோரக் காவல்படையில் சேர வேண்டும் அவளுக்கு. குடியுரிமை இல்லாமல் அந்தத் தேர்வே எழுத முடியாது. மூன்று வயதில் மன்னாரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. இப்போது இத்தாலிய மொழியில் வாயைத் திறந்தால் போர்கோ வெக்கியோ சந்தைக்காரிகளே தோற்றுப்போவார்கள். அவளும் லண்டன் கேட்கவில்லை.

ஆறு மாதம் இருக்கிறதே. லண்டன்காரர் சண்டையை முடித்துச் சட்டத்தை நிறைவேற்றட்டும். அதன் பிறகு கடிதத்தைக் காட்டினால் குடியுரிமையும் கிடைக்கும், ஹரோ கதையும் முடியும். மொனிகாவின் பெயர் விண்ணப்பத்திலேயே இருக்கிறது, அவளுக்கு ஒன்றும் குறையாது.

கடிதத்தை நான் வீட்டுவேலை செய்யும் இத்தாலியச் சின்யோராவின் வீட்டுக்குக் கொண்டுபோய், அவவின் மேசைவிரிப்புகளுக்கு அடியில் வைத்தேன்.

“கடிதம் ஏதும் வந்ததோ?” இரவு சுரேஸ் கேட்டார்.

“இல்லை.”

பொய் சொல்வது இவ்வளவு சுலபமா?

ஒக்டோபர் 29

ஜனவரி 31 வரை தவணை நீட்டியாயிற்று. சுரேஸ் கன்னோலி இனிப்பு வாங்கி வந்தார். என் பங்கை மொனிகாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பூசை முடிந்ததும் தேவாலய முற்றத்தில் எங்கள் ஆண்களின் பாராளுமன்றம். ஒருவருக்கும் அங்கே வாக்கில்லை, சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. சுவாம்பிள்ளை அண்ணை, “போற லண்டன்காரனைப் போகவிடுங்கோவன், ஏன் காலைப் பிடிச்சு இழுக்கிறியள்?” என்றார். சுரேஸ் அவரோடு கதைக்காமல் வந்துவிட்டார்.

பின்னேரம் இரண்டு பேரும் சாந்தா ரோசாலியா மலைக்கு வெறுங்காலோடு ஏறினோம். லண்டன்காரர் இன்னும் அடிபட வேண்டும் என்று அவருடைய நேர்த்தி. கெதியாக ஒற்றுமைப்பட வேண்டும் என்று என்னுடையது. ஒரே புனிதையின் முன்னால், பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டு! அந்த மனுசி என்னதான் செய்வா? சிரிப்பு வந்தது. இறங்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்புப் போய்விட்டது.

டிசம்பர் 13

லண்டனில் தேர்தல் முடிந்தது. விலகும் பக்கத்துக்குப் பெரிய வெற்றி. இனிச் சட்டத்தை யாரும் மறிக்க மாட்டார்கள்.

சுரேஸ் சாப்பிடவில்லை. “பதினாலு வருசம் மீன் செதில் வழிச்சிட்டன். அங்கையெண்டாலும் வேற வேலை செய்யலாமெண்டு நினைச்சன்.” இதை அவர் முன்பு ஒருநாளும் சொன்னதில்லை. லண்டன் என்றால் அவருக்கு அக்கா வீடு என்றுதான் நினைத்திருந்தேன்.

சொல்லிவிடலாமா? இன்றைக்கே? துடைத்த அடுப்பையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

டிசம்பர் 20

புதுப் பாராளுமன்றத்தில் சட்டத்துக்குப் பெரும்பான்மை. அங்கே கத்தல் குறைந்துவிட்டது. இங்கேயும் கதை குறைந்துவிட்டது. நிம்மதி வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

2020 ஜனவரி 9, வியாழன்

மொனிகாவுக்குப் பதினெட்டு. கேக் வெட்டும்போதுதான் மக்கள் சபையில் சட்டம் நிறைவேறிய செய்தி வந்தது. சுரேஸ் போனை நிறுத்திவிட்டுப் பிள்ளைக்குக் கேக் ஊட்டினார். ராணியும் கையெழுத்துப் போடட்டும். அதன் பிறகு கடிதத்தை எடுக்கலாம்.

ஜனவரி 23

ராணியின் ஒப்புதலும் கிடைத்தது. மேசைவிரிப்புக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்து வந்து நீட்டினேன். திகதியை அவர் பார்க்கவில்லை. முத்திரையை முத்தமிட்டார். மொனிகா என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

“சறோஜாக்கா இப்பதான் சொன்னவ,” என்றார். “சட்டம் வந்தாலும் இந்த வருச முடிவு வரைக்கும் அங்கை போய் இருக்கலாமாம். பதினொரு மாதம் கிடக்கு!”

கதவு பூட்டவே இல்லை. மூன்று மாதம் ஒளித்தது எதற்கு? அந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் வீட்டில் யார் வாசித்தோம்?

ஜனவரி 28, செவ்வாய்

சத்தியப்பிரமாணத்துக்கு நாள் எடுக்க நகரசபைக்குப் போனேன். மொனிகா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். அலுவலர் பெண் குடும்பப் பத்திரத்தைப் பார்த்து, “மகளுக்கு எத்தனை வயது?” என்றாள்.

“பதினெட்டு!” மொனிகாவே பெருமையாகச் சொன்னாள்.

அலுவலர் பேனையைக் கீழே வைத்தாள். தாயோடு சேர்ந்து பிள்ளைக்கும் கிடைக்க வேண்டுமென்றால், தாய் சத்தியம் செய்கிற நாளில் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகியிருக்கக்கூடாதாம். விண்ணப்பத்தில் பெயர் இருந்தால் போதாதாம். பத்தொன்பது நாள் பிந்திவிட்டோம். இனி மொனிகா தனியே விண்ணப்பிக்க வேண்டும்: மூன்று வருட வருமானம் காட்ட வேண்டும், அதற்குப் பிறகு நாலு வருடக் காத்திருப்பு. அதற்குள் காவல்படைக்கு வயது கடந்துவிடும்.

பிறகு அலுவலர் பெண் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். “இது ஒக்டோபரிலேயே வந்திருக்கிறதே, சின்யோரா?”

மொனிகா என் பக்கம் திரும்பினாள். “ஒக்டோபரோ, அம்மா?”

“ஓம்.”

வீடு வரைக்கும் பிள்ளை திரும்பிப் பாராமல் எனக்கு முன்னாலை நடந்தவள். கத்தியிருக்கலாம். எனக்கு அடிச்சிருந்தாலும் பரவாயில்லை. ஐயோ, நான் என்ன செய்துபோட்டன்.

ஜனவரி 29

சுரேசிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை எடுத்துத் திகதியைப் பார்த்தார்.

“வேண்டாமெண்டு ஒருக்காச் சொல்லியிருக்கலாமே, யூலியானா.”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியளோ?”

யோசித்தார். “இல்லை,” என்றார்.

ஜனவரி 31, வெள்ளி

இன்று அவர்கள் விலகுகிறார்கள். எல்லா அலைவரிசையிலும் லண்டன்தானாம். சுரேஸ் தொலைக்காட்சியைப் போடவில்லை. அக்காவை அழைத்து, அறையை வாடகைக்கு விடச் சொன்னார். “பிள்ளையை இந்த நிலையிலை விட்டிட்டு நான் எங்கை வாறது, அக்கா?”

ஆக, நான் விரும்பியபடியே நடந்துவிட்டது. நாங்கள் எங்கேயும் போகவில்லை.

மொனிகா இனித் தன் பெயரில் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி எடுக்க வேண்டும். திங்கட்கிழமை காவல் தலைமையகத்து வெளிநாட்டவர் வரிசையில் நிற்கப் பத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும்தான் பதில்.

“நானும் வாறன், பிள்ளை,” என்றேன்.

அவள் நிமிரவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

“வேண்டாம், அம்மா. நீங்கள் இனி இத்தாலியன்தானே. அந்த வரிசையிலை உங்களுக்கு என்ன வேலை?”