பம்பருக்கு முன்னால் கிடந்த பஞ்சு

சேலையை மூன்று முறை அலசிக் காயப்போட்டாயிற்று, ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் வாடை போக மறுக்கிறது. பாகு தீய்ந்தது போல ஓர் இனிப்பு வாடை. நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே வந்துவிடும், நான் முகத்தைச் சுளிப்பேன். இப்போது என் முந்தானையிலேயே அடிக்கிறது. எரிச்சலாக வருகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கட்டிய புருஷனிடம் போட வேண்டிய சண்டையை வேறு யாரிடம் போய்ப் போடுவது?

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. சனிக்கிழமை நம் மினி லாரி ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் மறுபடியும் கொதித்து நின்றுவிட்டது. ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை. பின்னால் ராஜபாளையம் மில்லில் ஏற்றிய கழிவுப் பஞ்சு, அந்த லோடோடு வீட்டுக்குக் கட்டி இழுத்து வர வேண்டியதாயிற்று. அங்கே பஞ்சை வாங்குகிற குடோன்காரர் குரலை உயர்த்தவில்லை. "இன்னொரு தடவ நின்னா வேற வண்டி பாத்துக்கிடுதேம்மா" என்று போனை வைத்துவிட்டார். சாயங்காலம் உங்கள் அண்ணன் வந்தார். கொடுத்த காப்பியைக்கூடத் தொடவில்லை. "வண்டிய வச்சுக்கிட்டுப் பொம்பள என்ன செய்யப்போற? வித்துருவோம். புதன்கிழம ஆள் வாரான்" என்றார். நீங்கள் போன பிறகு நான் சொல்லி ஒன்று நடக்கிறது என்றால் அது இந்த வண்டியில் மட்டும்தான். அதையும் கொடுத்துவிட்டால் எதற்கெடுத்தாலும் அவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதுதான்.

டிரைவர் மாரிச்சாமி நல்லவன், காதுதான் கிடையாது. போன தடவை நின்றபோது வண்டியை வாட்டர் சர்வீஸில் விட்டு, ரேடியேட்டரில் முழு வேகத்தில் தண்ணீர் அடித்திருக்கிறான். நம் வண்டி ஒரு நாள் பஞ்சு ஏற்றும், மறுநாள் ஆலங்குளம் போய்ச் சிமெண்டு ஏற்றும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவில் இரண்டும்தான் அடைந்து கிடக்கும். அதில் தண்ணீரை அடித்தால் என்ன ஆகும்? ரேடியேட்டருக்குப் பூச்சு வேலை பார்த்து வைத்திருக்கிறான். சொன்னேன். "யக்கா, நான் எம்புட்டு வண்டி பாத்திருக்கேன், நீங்க சும்மா இருங்க" என்றான்.

சும்மா இருந்துதானே எனக்குப் பழக்கம். மாதம் ஒரு ஞாயிறு நீங்கள் கேபினைத் தூக்கி நிறுத்தி ரேடியேட்டரைச் சுத்தம் செய்வீர்கள். நான் குழாயடியில் நிற்பேன். ஓரடி கிட்டே வைத்தால் போதும், "ஏட்டி, தள்ளி நில்லு. கண்ணுல பட்டிரும்" என்பீர்கள். உங்கள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெளுத்துக் கிடந்த காரணம் எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னால், சூடு ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வாங்கிக்கொண்டது. அந்தப் பயத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் எனக்குக் காணக் கிடைத்தது உங்கள் முதுகுதான். முதலில் கம்ப்ரசர் சத்தம் கேட்கும். பிறகு "திற" என்பீர்கள், குழாயைத் திறப்பேன். "மூடு" என்றால் மூடுவேன். எல்லாம் முடிந்தபின் விளக்குமாற்றை எடுத்து வாசலைப் பெருக்குவேன். நான் கற்ற வண்டி வேலை அவ்வளவுதான்.

நேற்று ஞாயிறு. வண்டி நன்றாக ஆறிக் கிடந்தது. சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். அதை மட்டும் நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வீர்கள், "மொதல்ல இது, பொறவுதான் மத்தது" என்று. கேபினைத் தூக்கித் தாங்குக் கம்பியை மாட்டுவதற்குள் தோள் கழன்றுவிட்டது. உங்கள் வேலைக் கண்ணாடியைப் போட்டு, மூக்கைத் துண்டால் கட்டி, வண்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து காற்றை அடித்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. இருந்த குப்பையும் உள்ளே போய் இறுகிக்கொண்டது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அழுகை வந்தது. உங்களைத் திட்டினேன், அவர்களுக்குக் கேட்கிற மாதிரியே திட்டினேன்.

வாசலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இத்தனை வருடம் பெருக்கியவள் நான்தானே. பஞ்சு எப்போதும் பம்பருக்கு முன்னால்தான் குவிந்து கிடக்கும், என்ஜின் பக்கம் ஒரு நாளும் கிடந்ததில்லை. அப்படியென்றால் நீங்கள் ரேடியேட்டருக்குப் பின்னால், ஃபேன் பக்கத்திலிருந்து வெளியே தள்ளியிருக்கிறீர்கள். வண்டி ஓடும்போது குப்பை எந்த வழியில் உள்ளே போகிறதோ, அதே வழியில் திரும்ப. இதை எனக்குச் சொன்னது விளக்குமாறு, நீங்கள் இல்லை.

உள்பக்கம் போய், காற்றைக் குறைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து நேராக அடித்தேன். சாம்பல் நிறத்தில் பஞ்சு பட்டை பட்டையாக முன்னால் விழுந்தது. இறுகிக் கிடந்ததைப் பெயிண்ட் பிரஷ்ஷால், தகடு போகிற போக்கிலேயே தடவி உதிர்த்தேன். தூள் முழுக்கப் போன பிறகுதான் குழாய்த் தண்ணீர், அதுவும் மெதுவாக. மாரிச்சாமி அடித்த வேகத்தில் மடிந்திருந்த தகடுகளைக் கொண்டை ஊசியின் வளைந்த முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். கடைசியில் மூடியில் கைவைத்துச் சூடில்லை என்று பார்த்து, அப்படியும் துணி போட்டுத்தான் திறந்து கூலன்ட் ஊற்றினேன். கொஞ்சம் சேலையில் சிந்திவிட்டது.

இன்று காலை மாரிச்சாமிக்குப் பக்கத்து சீட்டில் நானே ஏறி உட்கார்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிகிற வரைக்கும் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, சூடு காட்டுகிற முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். பாதிக்கு மேல் ஏறவில்லை. குடோனில் லோடு இறங்கியதும் உங்கள் அண்ணனுக்குப் போன் போட்டு, புதன்கிழமை யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது மாரிச்சாமி கேட்டான். "யக்கா, எந்த மெக்கானிக்கக் கூப்பிட்டீக?"

"நான்தான் செஞ்சேன்."

கியரை மாற்றினான். பிறகு, "அண்ணாச்சி சொல்லிக் குடுத்தாகளாக்கும்" என்றான்.

"ஆமா" என்றேன்.

உங்களை அவனிடம் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அதனால் சொன்ன பொய். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அழுகை எல்லாம் இப்போது குறைந்துவிட்டது, கூடவே வருவது இந்தக் கோபம்தான். அரை நாள் வேலை அது. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டிருக்கலாம்.