புகையிலாத் தீ குறித்துப் பனிவரைக் கோமான் தங்கைக்கு விடுத்த ஓலை

மலைகள் நிலைபெறுக. மழை முறை பிறழாதொழிக. உலை கொதியாத இல்லம் இரு நாட்டினும் இல்லையாகுக.

பனிவரை ஏழினுக்கும் உரிமை பூண்டவனும், அவ்வேழில் இரண்டை முகில் எந்நாளும் மூடிக் கிடத்தலால் இன்றளவும் கண்ணாற் காணாதவனும், வெண்முகிற் கொடியோனும், முன்னோர் ஈட்டிய பட்டங்களைச் சுமந்தே முதுகு வளைந்தவனுமாகிய இளங்கூதிரக் கோமான், அனல்வாய் நாட்டுப் பட்டத்தரசியாரும், பெருஞ்சுடர் வேந்தரின் உரிமைத் தேவியாரும், எம் உடன்பிறந்த தங்கையாருமாகிய நறுங்கொடித் தேவியார் திருமுன் விடுக்கும் ஓலை. நும் கோட்டை வலிது நிற்க; நும் துறைகளில் கலங்கள் நிறைக; வேந்தர்க்கு எம் வணக்கமும் மருமக்கள் இருவர்க்கும் எம் வாழ்த்தும் சேர்க. இளையவன் குதிரையினின்று விழுந்தான் என்று கேட்டோம். விழுவது நம் குடிக்குப் புதிதன்று, எழுந்தபின் குதிரையைக் குறை கூறுவதே நம் மரபு என்று அவனுக்கு எடுத்துரைக்க.

இதுவரை ஓலைநாயகத்தின் எழுத்து. இடையிடையே புகுந்த குறும்பு மட்டும் எமது. இனி எழுத்தாணி எம் கையில். அவர் எம் தோளுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விடுகிறார். விடட்டும். கூதிர்க்காலத்தில் அந்த வெப்பமும் பயன்படும்.

தங்காய், சென்ற பனிக்காலத்தில் யாம் இருமிய இருமல் மலைகடந்து நின் செவியை எட்டிற்று என்றும், முன்றிலில் எரியும் விறகுத் தீயின் புகையே அதற்குக் காரணம் என்று நின் மருத்துவர் கூறினர் என்றும், எனவே புகையே இல்லாத தீயை அனுப்புவதாகவும் எழுதியிருந்தாய். அவ்வண்ணமே நின் தூதர் பொறைவேள் எருதுகள் பூட்டிய வண்டிகளோடு வந்து சேர்ந்தார். நும் நாட்டுப் பாறைப் பிளவுகளில் எழும் நிலமூச்சைத் தோற்பைகளில் அடைத்து, மூங்கிற்குழாய் வழியே தீக்குழிக்குச் செலுத்தி, திருகைத் திறந்து ஒரு பொறி காட்டினால், தீ எழுந்து விறகின்றி எரியும் வித்தையை எம் கண்முன் காட்டினார். அவை முழுதும் வாய் பிளந்தது. யாமும் பிளந்தோம், ஆயினும் அரசன் என்பதால் கொட்டாவி போலக் காட்டிக்கொண்டோம்.

மூன்று தீக்குழிகள் கொண்டுவந்திருந்தார். முதலாவது, வெண்கலத்தில் வார்த்த பெருவட்டம். நடுவே அனல் தாங்கும் கற்கள் குவித்தது. சுற்றிலும் பதினாறு பேர் அமரலாம். இரண்டாவது, கருங்கல்லாற் செய்த நீள்குழி. விளிம்பு அகன்றிருப்பதால் கள்ளுக் கலயமும் சுட்ட கிழங்கும் வைக்க ஏற்றது. காற்றைத் தடுக்க அபிரகத் தகடும் உண்டு. மூன்றாவது, செம்பாலான சிறுகலம். ஒருவர் மடியருகே வைத்துக் குளிர்காயத்தக்கது. இவற்றுள் ஒன்றைத் தெரிந்து கூறுமாறும், எஞ்சியவற்றைத் தாம் மீளக் கொண்டுசெல்வதாகவும் பொறைவேள் பணிந்துரைத்தார்.

நின் தூதர் தம் தொழிலில் தேர்ந்தவர் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பந்தலின் உயரம் என்ன, மாலைக்காற்று எப்பக்கமிருந்து வீசும், தோற்பையை வெயில் படாமல் எங்கே வைப்பது, மழைக்கு மூடி வேண்டுமா என்று அடுக்கடுக்காக வினவினார். அனைத்திற்கும் விடை சொன்னோம். இறுதியாக, முன்றிலில் நாள்தோறும் எத்தனை பேர் அமர்வர் என்று வினவினார்.

பதினாறு பேர் என்று உடனே கூறினோம். அது பொய்யன்று, அன்றுவரை.

நம் முன்றிலின் சுள்ளிமுறையை நீ மறந்திருக்க மாட்டாய். பொழுது சாய்ந்து கோமான் தீ மூட்டியபின், ஒரு சுள்ளி கொண்டுவந்து அத்தீயில் இட்டவர் எவராயினும் அருகமர்ந்து குளிர்காயலாம். சுள்ளி இடாதவர் அமைச்சரேயாயினும் நிற்கவேண்டும். அமர்ந்தவர்க்கு அரசன் இல்லை, குடி இல்லை. உப்பு விற்கும் எயினி எம்மை, ஏ கூதிரா, தள்ளி உட்காரு, உன் பட்டங்களுக்கும் சேர்த்தா இடம் போட்டிருக்கிறாய் என்பாள். அவள் கொண்டுவரும் சுள்ளி எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். கழுதையின் முதுகில் நனைந்து வந்தது என்பாள். அது சீறிப் புகைந்து ஊரையே இருமச் செய்யும். நின் அண்ணியார் இருந்த காலத்தில், அந்தச் சுள்ளியைத் தம் கையால் வாங்கி நடுத்தீயில் இடுவார். அவர் மறைந்தபின் அவர் மணையை யாரும் எடுக்கவுமில்லை, அதில் அமரவுமில்லை. ஆனால் அதன் இருபுறமும் நெருக்கி அமர்ந்தனர். பகல் முழுதும் கோமானாய் இருந்து களைத்தவனுக்கு அந்த ஒரு நேரம் போதுமாயிருந்தது.

பெருவட்டத்தை ஒரு திங்கள் வைத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. முதல் மாலை திருகைத் திறந்தோம். தீ அழகாக எழுந்தது. ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், நன்கு வளர்க்கப்பட்ட பிள்ளையைப் போல அசையாமல் நின்றது. மணைகளை வட்டமாக இட்டுக் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. பனி மிகுதி என்று எண்ணிக்கொண்டோம். பனிக்குத்தானே தீ என்பது அப்போது தோன்றவில்லை. மறுநாளும் வரவில்லை. காளையும் வரிதண்டுவானும் என்ற எம் கதையை ஒரே குளிர்காலத்தில் மூன்றுமுறை சொல்லிவிட்டதுதான் காரணமென்று தெளிந்து, புதிய கதையொன்றைப் புனைந்து வைத்தோம். அதைக் கேட்டவை மணைகள் மட்டுமே. அவை நகைக்கவில்லை. கதை அவ்வளவு மோசமன்று என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

பிறகு உப்புச் சுங்கத்தின்மேல் எயினிக்குச் சினம் இருக்கும் என்று கருதி அச்சுங்கத்தை நீக்கினோம். நாடு முழுதும் எம்மை வாழ்த்திற்று. பண்டாரத்து அதிகாரி மட்டும் கண்கலங்கினார். முன்றிலுக்கு வந்தவர் எவருமில்லை.

அமைச்சர் கோடைமாறனார் மட்டும் தவறாமல் வந்தார், ஆனால் அமரவில்லை. மாலை முழுதும் தூணருகே நின்றார். அமர்க என்று கூறினோம், பொறுத்தருள்க என்றார். மீண்டும் கூறினோம், மீண்டும் பொறுத்தருள்க என்றார். அமர இயலாத நோய் ஏதோ அவரை வருத்துகிறது, நாணத்தால் மறைக்கிறார் என்று உணர்ந்து, அரண்மனை மருத்துவரைத் தைலக் குப்பியோடு அவர் இல்லத்திற்கு அனுப்பினோம். அமைச்சர் அதை முகம் மாறாமல் பெற்றுக்கொண்டாராம். அரசன் கொடுத்ததை மறுப்பது முறையன்று. எதற்கென்று கேட்பதும் முறையன்று. தலைக்கு மேல் முடி இருப்பதால் எம் போன்றோர் மூளைக்குக் காற்றோட்டம் குறைவு, தங்காய்.

அத்தீயின் முன் தனியே அமர்ந்திருக்கும்போது ஒன்று கண்டோம். விறகுத் தீ பேசும். வெடிக்கும், சரியும், கிளற வேண்டும், ஊத வேண்டும். இது ஒன்றும் கேட்பதில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. மேலும், இதில் புகை இல்லை. கண் கலங்கினால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. ஓலை மரபுக்காக யாம், எமக்கு என்று எழுதுகிறோமே, அங்கே அமர்ந்திருந்தது ஒருவனே.

இதற்கிடையே பொறைவேள் காலைதோறும் வந்து, எந்தக் குழி என்று பணிவோடு வினவிக்கொண்டிருந்தார். நேற்று முன்தினம் செம்புச் சிறுகலம் போதும் என்று கூறிவிடும் துணிவோடுதான் எழுந்தோம். ஒருவன் குளிர்காய ஒரு கலம்; கணக்கு நேர். ஆனால் அவர் வரும் ஓசை கேட்டதும், பனிவரை ஏழினுக்கும் உரியவன், கள்வனைப் போல மடைப்பள்ளி வழியே நழுவி, யாம் வழக்கமாகப் போகாத, மதிலின் மேலைப்புறச் சிறு கதவாகிய திட்டிவாயிலைத் திறந்துகொண்டு வெளியேறினோம்.

அங்கே மதிலை ஒட்டி ஆளுயரத்திற்கு விறகு அடுக்கியிருந்தது. ஒழுங்காக, மரியாதையாக, அடியில் பெரியதும் மேலே சிறியதுமாக. அவ்வாறு விறகடுக்கும் நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான் எம் நினைவுக்கு வந்தது. வாயிற்காவலன் பூதனை அழைத்து, இது யாருக்கு என்று கேட்டோம். தங்களுக்குத்தான் என்றான்.

இருமல் அவ்வளவு முற்றிவிட்டதா என்று வினவினோம். அவன் விழித்தான். பின்னர் விளக்கிக் கூறினான். நாள்தோறும் மாலையில் அவரவர் சுள்ளியோடு வருகின்றனராம். திட்டிவாயில் வழியே எட்டிப் பார்க்கின்றனராம். விறகின்றி எரியும் தீயைக் காண்கின்றனராம். இடுவதற்கு இடமில்லாத தீயருகே எப்படி அமர்வது என்று, கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துச் செல்வதும் முறையன்று என்று, இங்கே அடுக்கிவிட்டுப் போகின்றனராம். எம்மிடம் ஏன் சொல்லவில்லை என்றோம். கோமான் தெரிந்துதான் அப்படித் தீ மூட்டுகிறார், தனிமை விரும்புகிறார், தேவியாரின் நினைவாக இருக்கும், தொந்தரவு செய்யலாகாது என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்ததாம்.

எம் குடிகள் எம்மை எவ்வளவு மதிக்கின்றனர் பார். மதித்தே கொன்றிருப்பர்.

அவ்வேளையில் எயினி தன் கழுதைகளை ஓட்டிக்கொண்டு அவ்வழியே வந்தாள். தீயருகே அல்லாமல் வேறிடத்தில் எம்மைப் பெயர் சொல்லி அழைக்க அவளுக்கு உரிமையில்லை. எனவே எம்மைப் பாராமல் கழுதையைப் பார்த்து, அடேய், பசிக்காதவன் வீட்டுக்கு யாராவது சோறு கட்டிக்கொண்டு போவார்களா, அவன் நெருப்புக்கு நம் கையால் ஒன்றும் வேண்டாமாம், சுங்கம் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனுக்குச் சுள்ளி வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லையா என்று கேட்டாள். கழுதை விடையிறுக்கவில்லை. எம் சார்பில் அது காத்த அமைதிக்கு நன்றியுடையோம்.

அவள் சென்றபின் அவ்விறகின்மேலேயே அமர்ந்தோம். ஒவ்வொன்றும் யாருடையது என்று தெரிந்தது. வண்ண நூலால் கட்டியது நெசவாளர் தெருவினது. இருமுனையும் ஒரே அளவாகச் செதுக்கியது தச்சனுடையது; அவனுக்கு எரிக்கும் விறகும் நேராக இருக்கவேண்டும். ஈரம் காயாமல் பாசி பிடித்திருந்தவை யாருடையவை என்று நீயே அறிவாய். அவை ஒரு மாலைகூடத் தவறவில்லை. புகையில்லாத இடத்தில் கண் கலங்கினோம். பூதன் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றான், நல்ல காவலன்.

ஆதலால் எம் தெரிவைக் கேட்க. செம்புச் சிறுகலத்தைத் திருப்பி அனுப்புகிறோம். அதை எந்த நாட்டு மன்னனுக்கும் பரிசாக அனுப்பற்க, பகைவனாயினும். வெண்கலப் பெருவட்டத்தை இந்நாட்டுப் பிணியோர் சாலைக்கு அளிக்கிறோம். அங்கே நெஞ்சு நோயோர் பலர், புகையின்றிக் குளிர்காய்ந்து நின்னை வாழ்த்துவர். நிலமூச்சுத் தோற்பைகளைப் பனிக்காலம் முடியும்வரை தொடர்ந்து விடுக்க. கருங்கல் நீள்குழியை முன்றிலில் அமைத்துவிட்டோம். அதில் திருகை ஒருமுறை திறப்போம், சுள்ளி பற்றும் வரை, பற்றியபின் மூடிவிடுவோம். ஈரச்சுள்ளியும் அதில் எளிதில் பற்றுகிறது, புகையும் முன்போல் மிகுதியில்லை, காற்றுக்கு மேற்புறம் அமர்ந்தால் இருமலும் தணிகிறது. ஆகவே நின் மருத்துவர்க்கும் எம் குடிகட்கும் ஒருங்கே பணிந்தவனானோம். பொறைவேள் இதைக் கேட்டு, வித்தையைப் பாழாக்கினீர் என்று சொல்ல விரும்பி, மிகச் சிறந்த தெரிவு என்று கூறினார். அவர்க்கு ஒரு பொன்னாடை அளித்தோம்.

நேற்று மாலை அதை மூட்டினோம். மலைநாட்டில் செய்தி மெல்லத்தான் ஏறும்; வந்தவர் இருவரே. கோடைமாறனார் எழுத்தாணி அளவான ஒரு சுள்ளியைத் தம் மடியிலிருந்து எடுத்து இட்டார். ஒரு திங்களாக அதை மடியிலேயே வைத்திருந்தாராம். பின்னர், ஆ என்றொரு ஓசையோடு அமர்ந்தார். அவ்வளவு இனிய ஓசையை எந்த யாழிலும் கேட்டதில்லை. எயினி வந்தாள், இட்டாள், இருமினாள். ஏ கூதிரா, அழுகிறாயா என்றாள். புகை என்றோம். புகைதான் என்றாள். நின் அண்ணியாரின் மணை எம் இடப்புறத்தில் அப்படியே இருந்தது. எஞ்சிய மணைகள் வெறுமையாக இருந்தன. தீ மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

இனி ஆணை. நீ அரசியென்பதால் ஆணையிட உரிமையில்லை. அண்ணன் என்பதால் இடுகிறோம். பனி முடிவதற்குள் ஒருமுறை இம்மலை ஏறி வருக. படை வேண்டா, பரிசு வேண்டா. சுள்ளி ஒன்று கொண்டுவருக. இல்லையேல் பட்டத்தரசியாயினும் தூணருகே, அமைச்சர் நின்ற இடத்தில் நிற்க நேரும், மருத்துவரையும் அனுப்புவோம். அண்ணியாரின் மணையில் அமர நினக்கு மட்டுமே எம் இசைவு உண்டு.

முகில் இலச்சினை பொறித்தோம். அரக்கை இத்தீயிலேயே உருக்கினோம். ஓரத்தில் கரி படிந்திருப்பதைப் பிழையென்று கொள்ளற்க. ஓலை காண்பவர் கைகள் குளிராதிருப்பதாக.

மறந்தோம். வரும் வழியில் மழை பெய்தால் சுள்ளியை மூடிக்கொண்டு வரவேண்டா. நனையட்டும். நம் இருவர்க்கும் அது ஈரமாயிருத்தலே நன்று.